வாயில் வைத்துப் பார்க்காமல் சுடுகிற அதிரசம்

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போதே குடியாத்தத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்துவிடுவார் ஆயா, அதாவது என் பாட்டி. ஊறவைத்து வடித்த பச்சரிசியை அதில் பரப்பி, வெயில் படாமல் நிழலிலேயே உலர விடணும். அள்ளிப் பிடித்தால் ஈரம் தெரியணும், உதறினால் கையில் ஒட்டாமல் விழணும். அந்த நேரம் பார்த்து மாவு மில்லுக்கு ஓடுவது என் வேலை. அந்த வாரம் ஈர அரிசி அரைக்கிற மெஷின் பக்கம் பாதித் தெரு நிற்கும்.

எங்கள் வீட்டுக்குக் கேதார கௌரி நோன்பு உண்டு, தீபாவளியை ஒட்டி சிவன், பார்வதிக்கு இருக்கிற விரதம் அது. வட ஆற்காட்டுப் பக்கம் பெண் எடுக்கும்போதே "உங்களுக்கு நோன்பு உண்டா?" என்று கேட்பார்கள். 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 மஞ்சள், 21 இழைக் கயிறு. 2019ல் எங்கள் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் அத்தை திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் ஆற்காட்டுச் சித்தி ராணிப்பேட்டைக்கும் போய்விட்டார்கள், ஆனாலும் நோன்பன்று எல்லார் வீட்டுத் தட்டிலும் அதே கணக்குதான்.

சாமிக்குப் படைக்கிறதை எச்சில் பண்ணக்கூடாது. மாவைக்கூட நக்கிப் பார்க்கக்கூடாது. இனிப்பு போதுமா, ஏலக்காய் தூக்கலா, வெந்ததா என்று எதையும் நாக்கைக் கேட்காமல் கண்ணாலும் கையாலும்தான் முடிவு செய்யணும். அதனால்தான் அதிரசத்துக்கு இத்தனை பதம் வந்தது என்று நான் நம்புகிறேன்.

ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ பாகு வெல்லம். கரைத்து, வடிகட்டி மண் நீக்கி, திரும்பக் காய்ச்சும்போது ஆயா பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொள்வார். ஒரு சொட்டு பாகை அதில் விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் மெத்தென்று உருண்டு வரணும், கையில் எடுத்தால் தக்காளிப் பழம் மாதிரி அமுங்கணும். ஒரு நிமிஷம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், பிந்தினால் கடிக்க முடியாது. நான் கரண்டியைப் பிடுங்கப் போனால், "இன்னா அவசரம் உனக்கு? பாகு சொல்லும், இரு" என்பார். மாவைக் கொட்டிக் கிளறி, ஏலக்காய், சுக்கு, எள் போட்டு, மேலே நெய் தடவி மூடி வைத்தால் மூன்று நாளில் மாவு பதமாகிவிடும்.

சென்னைக்கு வந்த முதல் வருஷம் பாக்கெட் அரிசி மாவில் செய்தேன். பாகு சரியாகத்தான் வந்தது, ஆனால் காய்ந்த மாவு பாகை எல்லாம் இழுத்துக்கொண்டு இறுகிவிட்டது. அத்தனையும் ஓடு மாதிரி. அன்றைக்கு ராத்திரி அழுதுவிட்டேன், ஏனென்றால் அதைத்தான் படைத்தேன். அப்புறம் எவ்வளவு வேலை இருந்தாலும் அரிசி ஊறவைத்துதான் செய்கிறேன், மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலிக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்: வேறு எதில் வேண்டுமானாலும் சுருக்கு வழி பாருங்கள், ஈர மாவில் வேண்டாம்.

சுடும்போது தீ சின்னதாக இருக்கணும். எழும்பி வந்ததும் திருப்பி, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்து எடுத்து, முதல் 21ஐ எண்ணித் தனியாக வைத்துவிடுவோம். சாயங்காலம் கோயிலில் நோன்பு எடுத்து வந்து, கயிறு கட்டி முடித்த பிறகுதான் எல்லார் கைக்கும் அதிரசம் வரும். நாள் முழுக்கப் பட்டினி இருந்த ஆயா அப்போதும் உடனே வாயில் போட மாட்டார். இரண்டாகப் பிட்டு, விளக்குப் பக்கம் நீட்டி, உள்ளே எப்படி வெந்திருக்கிறது என்று பார்ப்பார்.