ஆறாவது முயற்சியில் வந்த பச்சை

நிரல் எழுதி அனுப்பினால் தானாகத் திருத்தும் ஒரு தளத்தில் போட்ட கணக்கு இது. எளிதுதான். ஓர் எண் வரிசையில் சமமான எண்கள் எத்தனை ஜோடி? ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிட்டு, கே முறை வந்தால் கேயை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, அதில் பாதி. பத்து நிமிடத்தில் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியில் எழுதிவிட்டேன்.

முதல் டெஸ்ட்டிலேயே ராங் ஆன்ஸர். சோதனைக்காகப் போட்ட "வந்தாச்சு" என்ற பிரிண்ட் வரியை எடுக்க மறந்திருந்தேன். என் கண் அதைத் தாண்டிப் படித்துப் பழகிவிட்டது. விடையைத் திருத்தும் நிரலான ஜட்ஜ் அப்படித் தாண்டாது.

இரண்டாவது டெஸ்ட்டில் மறுபடி தவறு. ஒரே டெஸ்ட்டுக்குள் பல கேஸ்கள், அதாவது தனித்தனி எண் வரிசைகள், வரும். எண்ணிக்கை வைக்கும் அர்ரே என்ற பெட்டி வரிசை குளோபலாக, அதாவது எல்லாக் கேஸுக்கும் பொதுவாக இருந்தது. முந்தைய கேஸின் மிச்சம் அடுத்த கேஸுக்கும் போயிருக்கிறது. மாதிரி உள்ளீட்டில் இருந்த இரண்டு கேஸ்களுக்கும் பொதுவான எண் ஒன்றுகூட இல்லாததால் அங்கே தப்பித்துவிட்டேன். சரி, ஒவ்வொரு கேஸுக்கும் முழு அர்ரேயையும் பூஜ்ஜியமாக்கினேன். இப்போது டைம் லிமிட், கொடுத்த நேரத்துக்குள் முடியவில்லை. 10 லட்சம் இடங்கள், 10 ஆயிரம் கேஸ்கள் வரை; பெருக்கினால் 1000 கோடி! வந்த எண்களின் இடத்தை மட்டும் துடைத்தால் போதும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிறகு ஒன்பதாவது டெஸ்ட்டில் மாட்டியதுதான் அரை நாளைத் தின்றது. உள்ளீடு தெரியாது. கடைசியில் ஒரு லட்சம் ஒன்றுகளை நானே கொடுத்துப் பார்த்தேன். 70,49,82,704 என்று வந்தது. மைனஸில் வந்திருந்தால் உடனே பிடித்திருப்பேன். இது பார்க்க ஒழுங்கான விடை மாதிரியே இருந்தது. கையால் போட்டால் 499,99,50,000 வரவேண்டும். நான் விடைக்கு வைத்திருந்த இன்ட் என்ற எண் வகை தாங்குவதோ 214 கோடியே சொச்சம்.

விடை வேரியபிளை லாங் லாங் என்ற பெரிய எண் வகை ஆக்கி, இதுதான் என்ற நம்பிக்கையில் ஓட்டாமலேயே அனுப்பினேன். மறுபடியும் சிவப்பு. ஓட்டிப் பார்த்தால் அதே எண்! எரிச்சலில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரைச் சந்தேகப்பட்டேன், வெட்கக்கேடு. கே இன்ட்டாகவே இருந்ததால் பெருக்கல் இன்ட்டிலேயே நடந்து, நிரம்பி வழிந்த பிறகுதான் பெரிய பெட்டிக்குப் போகிறது. கேயையும் லாங் லாங் ஆக்கினேன்.

பச்சை, எல்லா டெஸ்ட்டும் தேறியது. முதல் முயற்சியில் எழுதிய அதே சூத்திரம்தான், இன்னும் அப்படியே இருக்கிறது.