கெற்றப்போல் போளைக்கு வேகம் பிடித்தாச்சு

ஒருவழியாக நம்பக்கூடிய ஒரு இலக்கம் வந்துவிட்டது: செக்கனுக்கு 25.6 மீற்றர். மணிக்கு 92 கிலோமீற்றர்! 5.4 கிராம் கண்ணாடிப் போளை, றப்பரில் போட்ட அடையாளம் வரை இழுவை, வெள்ளவத்தை பிளாட்டின் நடைவழி, கடைசியில் தொங்கும் பிஸ்கட் தகரம், பின்னால் தலையணை.

போளை புறப்படும் சத்தத்தையும் 5 மீற்றர் தள்ளித் தகரத்தில் படும் சத்தத்தையும் போனில் பதிந்து, இரண்டுக்கும் இடைவெளியை ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அளந்து வேகம் பிடிக்கும் வேலை எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் உயிரை வாங்கியது முதல் சத்தம். போளை கவட்டையைத் தாண்டிய பிறகுதான் றப்பர் சுருண்டு அடிக்கிறது. அலைவடிவில் எது தொடக்கம் என்றே தெரியாது. 10 மில்லிசெக்கன் பிசகினால் வேகம் 5 சதவீதம் பிசகும். கடைசியில் எம்பிராய்டரி வளையத்தில் அலுமினியத் தாளை விறைப்பாக மாட்டி, கவட்டைக்கு முன்னால் ஒரு முழத்தில் நிறுத்தினேன். தாள் கிழியும் கணத்தில் கூரான முனை ஒன்று விழுகிறது, சந்தேகமே இல்லை. 5 மீற்றரையும் அந்தத் தாளிலிருந்துதான் அளக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் புதுத் தாள் என்பதால் அம்மா ஃபொயில் சுருளை ஒளித்து வைக்கத் தொடங்கிவிட்டா.

போனை நட்டநடுவில் வையுங்கள். இரண்டு சத்தமும் ஒரே தாமதத்தோடு வருவதால் திருத்தம் தேவையில்லை. நம் பக்கத்தில் வைத்தால், கொழும்பு வெக்கைக்கு ஒலிவேகம் செக்கனுக்கு 349 மீற்றர் என்று எடுத்து 14 மில்லிசெக்கன் கழிக்க வேண்டும். போனின் இரைச்சல் குறைப்பை நிறுத்தாவிட்டால் தாள் கிழியும் சத்தத்தையே அது விழுங்கிவிடும்.

சரிபார்க்க ஊசலும் கட்டினேன்: போளை தொங்கும் டின்னில் புதைந்ததும் டின் எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகம் கணிப்பது, 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் துப்பாக்கிக் குண்டுக்குச் சொன்ன அதே முறை. பிளாஸ்டிசீன் அடைத்த டின், போளையோடு சேர்த்து 540 கிராம், நூல் 1 மீற்றர். டின் மேலே எழும்புவது வெறும் 3 மில்லிமீற்றர், கண்ணுக்குப் பிடிபடாது. பக்கவாட்டு நகர்வை அளந்தால் 8 சென்ரிமீற்றர் வர வேண்டும். வருவது 7தான். 25.6 என்பது 5 மீற்றருக்கான சராசரி. தாளுக்கு அருகில் வேகம் இன்னும் கூடத்தான் இருக்கும், ஆகவே காற்றுத் தடையைச் சாட்டித் தப்ப முடியாது. டின் முறுகுவதில்தான் எனக்குச் சந்தேகம். ஒற்றை நூலை விட்டு நாலு நூலில் கட்டப்போகிறேன்.

அதற்குள் ஒளிக்கதவு ஆசை வந்துவிட்டது, போளை ஒளிக்கற்றையை மறைக்கும் கணத்தைப் பிடிக்கும் அமைப்பு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒளியை உணரும் ஃபோட்டோ டயோட் கேட்டால், ஒரு கடையில் டிவி ரிமோட் ரிசீவரை நீட்டுகிறார்கள். அது 38 கிலோஹேர்ட்ஸ் ஒளித் துடிப்புக்கு மட்டும் அசையும், நமக்கு உதவாது. கறுப்புத் தலை, இரண்டு கால் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு இரண்டு சோடி கிடைத்திருக்கிறது, நேரத்தைக் கணக்கெடுக்க ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை மேசையில் கிடக்கிறது.