அஸ்தம்பட்டி சிக்னல்

பிப்ரவரி 2
அப்பாவுக்கு சர்க்கரை 312. இட்லியைப் பிட்டு வைத்ததோடு சரி.

பிப்ரவரி 4
பஸ் இன்றைக்கும் அஸ்தம்பட்டி சிக்னலில் நின்றது. மத்திய சிறைப் பக்கம் தலை தானாகத் திரும்புகிறது. 22 பேர்.

பிப்ரவரி 5
நிலத்துக்காரர் போன் செய்தார். நலம் விசாரித்தார், செலவுக்குப் பணம் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். அப்புறம் மெல்ல, "இந்த வெள்ளாமையோட விட்டுருங்களேன், உங்கப்பாவுக்கும் முடியல" என்றார். 26 வருசமாக அப்பா உழுகிற 2 ஏக்கர். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. 1969லேயே குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தாச்சு. பதியச் சொன்னால், "சோறு போட்ட மனுசனை ஆபீசுக்கு இழுக்கறதா?" என்பார் அப்பா. போனை வைத்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

பிப்ரவரி 7
வார்டில் தூக்கம் இல்லை. மறுபடி காவும்பாயி நினைப்பு. கண்ணூர்ப் பக்கத்து மலைக்கிராமம். 1946, மலபாரில் அரிசிப் பஞ்சம். அந்தக் குடியானவர்கள் கேட்டது மலையில் புனம் போடும் உரிமை, அதாவது காட்டைத் திருத்தி விதைக்கும் உரிமை. நம்ம வள்ளி காவல் காத்த அதே புனம்தான். மலை ஜென்மியுடையது, அதாவது நிலச்சுவான்தாருடையது. டிசம்பர் 30இல் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் 5 பேர் செத்தார்கள். சிக்கியவர்களில் தளியன் ராமன் நம்பியாரும் ஒருவர். மலபார் அப்போது சென்னை மாகாணம், அதனால்தான் சேலம் ஜெயில். 1950 பிப்ரவரி 11 அன்று இங்கே ஜெயிலுக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட 22 கைதிகளில் அவரும் ஒருவர். மகன் நாராயணன் நம்பியாரும் அன்றைக்கு உள்ளேதான் இருந்தார். பிழைத்துக்கொண்டார்.

ஒரே ஜெயிலில் அப்பாவும் மகனும்.

பிப்ரவரி 8
மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. மழை பெய்தால் பாயிண்ட், அதாவது மாவுச்சத்து அளவு, இறங்கிவிடும்.

பிப்ரவரி 10
விரலில் கிளிப் மாட்ட வந்த நர்ஸ், அப்பாவின் நகத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். பஞ்சு செம்மண் நிறமானது. வந்து 9 நாள் ஆகியும் போகவில்லை. "பிடுங்கியாச்சா கண்ணு?" என்றார் அப்பா. ஆச்சு என்றேன்.

அந்த மகன் என்ன பார்த்திருப்பார்?

பிப்ரவரி 11
பச்சை விழுந்திருந்தது. பஸ் நிற்கவில்லை.

பிப்ரவரி 12
நிலத்துக்காரர் சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் டிரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அடுத்த நடவுக்குக் குச்சி எடுத்து வச்சியா?" என்றார்.