சித்திரகுப்தன் சந்நிதியில் ஒரு போங்காட்டம்

சித்ரா பௌர்ணமி அன்று காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவுக்குப் பிள்ளைகளோடு போக நினைப்பவர்கள் விடிவதற்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே சித்திரகுப்தர் கோயில் என்பதால் ஊர்க் கூட்டம், வெளியூர்க் கூட்டம் எல்லாம் அந்த ஒரு தெருவுக்குள்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே வெயில் ஏறிவிட்டது. சித்திரை வெயில், வெறுங்கால், இரண்டு பிள்ளைகள், தெரு வரைக்கும் வரிசை. அப்பனே சித்திரகுப்தா என்று அங்கேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

போனது அத்தைக்காக. என் மாமியார் எனக்குத் தெரிந்து ஒரு வருஷம்கூட சித்ரா பௌர்ணமி விரதத்தை விட்டதில்லை. அன்றைக்கு உப்பு கிடையாது. சித்திரகுப்தர் காமதேனு வயிற்றில் பிறந்தவராயிற்றே என்று பசும்பால், தயிர், நெய்யும் கிடையாது. தை மாதம் அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. “பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் எனக்காக ஒரு விளக்குப் போட்டுட்டு வா” என்று சொல்ல அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு கூட்டம், வெயில் என்று சாக்குச் சொல்ல முடியுமா?

இதற்கு நடுவே இன்னொரு சங்கடம். அத்தையைப் பார்க்க வந்த உறவுக்கார அம்மா ஒருத்தர், கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணாங்களோ, எல்லாம் கர்மா” என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். பெரியவளுக்கு ஒன்பது வயது. அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே கேள்விதான்: “பாட்டி என்ன தப்பு பண்ணாங்கம்மா?”

சேர்ந்து கிடக்கிற பழைய வினை சஞ்சிதம், அதில் இப்போது அனுபவிப்பது பிராரப்தம், இனிமேல் சேர்வது ஆகாமியம் என்று வரிசையாக ஆரம்பித்தால் பிள்ளை கொட்டாவி விடும். நான் ஆகாமியத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். இப்போது நீ செய்வது, நினைப்பது, பேசுவது, அதற்கு ஒரு பலன் உண்டு, அது உன்னிடம்தான் வரும். அந்தக் கணக்கை எழுதுகிறவர்தான் சித்திரகுப்தர் என்றேன். “பாட்டியோட பழைய கணக்கு?” “அது எனக்கும் தெரியாது, அந்த மாமிக்கும் தெரியாது. அவர் ஒருத்தர் கையிலதான் ஏடு இருக்கு.” கர்மா என்பது அவரவர் தன்னைப் பார்த்துக்கொள்வதற்கு. அடுத்தவர் படுக்கையில் கிடக்கும்போது தீர்ப்புச் சொல்வதற்கு இல்லை. பிள்ளைகள் எதிரில் கட்டாயம் இல்லை.

திருஞானசம்பந்தர் கதையையும் சொன்னேன். திருச்செங்கோட்டில், அன்றைய கொடிமாடச்செங்குன்றூரில், அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தபோது, எல்லாம் வினை என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்லத் தெரிந்தவர்கள் மீளும் வழியைத் தேடாமல் இருப்பது குறையில்லையா என்றுதானே திருநீலகண்டப் பதிகத்தையே தொடங்குகிறார்! வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அத்தை பாடுகிற பதிகம் அது. இப்போது குழறிக் குழறித் தனக்கே பாடிக்கொள்கிறார்.

வரிசை நகரவேயில்லை. கேதுவுக்கு அதிதேவதை இவர்தானே, ஒருவர் காதோரம் வந்து, “கேது தோஷமா? பின்பக்கமா கூட்டிட்டுப் போய்ப் பரிகாரம் பண்ணித் தரேன், நிக்கவே வேணாம்” என்றார். சொன்ன தொகையைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்தே விட்டார். இப்படிப்பட்டவர்களை யாரும் தட்டிக் கேட்பதில்லை. பெரியவளுக்கு அதுவும் சந்தேகம்: “காசு குடுத்தா கணக்கை அழிச்சிடுவாங்களாம்மா?” சின்னவன், கூரையில் இருந்த கேமராவைக் காட்டி, “சித்திரகுப்தர் இது மாதிரியா?” என்றான். கேமராவுக்கு மனசுக்குள்ளே இருப்பது தெரியாது, இவருக்கு அதுவும் தெரியும் என்றேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டான், எதை நினைத்தானோ!

உள்ளே போனதும் தள்ளுமுள்ளு. எனக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா சத்தமாகவே வேண்டிக்கொண்டு வந்தார், நம் வீடுகளில் காலம்காலமாகச் சொல்கிற அதே வேண்டுதல்: மலையளவு பாவத்தைக் கடுகளவா எழுது, கடுகளவு புண்ணியத்தை மலையளவா எழுது. என் பெண் திரும்பிப் பார்த்தாள். “இது போங்காட்டம் இல்லையா பாட்டி? கணக்கைத் தப்பா எழுதச் சொல்றீங்க!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா கோபப்படவில்லை. “கேக்கறது நம்ம வேலை கண்ணு, எழுதறது அவர் இஷ்டம். பெத்தவங்ககிட்ட பிள்ளைங்க கேக்கறதில்லையா?” என்று சிரித்தார்.

அப்போதுதான் தீபாராதனை. முன்னால் நின்றவர்கள் கை தூக்கியதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கற்பூரம் மேலே ஏறியதும், மாலைகளுக்கு நடுவே வலது கையில் அந்த எழுத்தாணி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இடது கையில் ஏடு. என்ன வேண்ட வந்தேனோ எல்லாம் மறந்துபோய்விட்டது. அத்தையின் பெயர், நட்சத்திரம்கூட வாயில் வரவில்லை. என் பெண் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “பாட்டி கணக்குல கொஞ்சம் என் கணக்குல எழுதிக்கோங்க” என்றாள். எனக்குக் கேட்டுவிட்டது. அவருக்குக் கேட்காமல் இருக்குமா? நான் சொல்லிக்கொடுத்ததில் இது கிடையவே கிடையாது. அவரவர் வினை அவரவருக்கு என்றல்லவா சொல்லியிருந்தேன்! திருத்தவும் மனசு வரவில்லை. அழுகைதான் வந்தது. அதற்குள் “நகருங்க, நகருங்க” என்று தள்ளி வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

சித்திரகுப்தருக்கும் அவர் தேவி கர்ணிகாம்பாளுக்கும் நடக்கிற திருக்கல்யாணம் பார்க்க இடம் கிடைக்கவில்லை. ஏகாம்பரநாதர் கோயில் வாசலுக்குப் போனபோது நடை சாத்தியிருந்தது. குறை ஒன்றும் இல்லை.

அத்தை இப்போது கைத்தடி பிடித்துக் கூடம் வரை நடக்கிறார். உடற்பயிற்சி சொல்லித்தர ஒருநாள் தவறாமல் வருகிற பெண்ணுக்கும் அந்தப் புண்ணியம் சேரட்டும். வலது கையால் பேனா பிடித்துத் தன் பெயரை எழுதிப் பழகுகிறார், பேத்திதான் வாத்தியார். நான் என்ன சொல்ல, எழுதுகிறவருக்குத் தெரியாததா? அடுத்த சித்திரைக்கு அத்தையையே கூட்டி வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வரிசையைக் கொஞ்சம் சின்னதாக வையப்பா.