கடப்பாறை நெட்டில் ஒரு பாட்டி

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்கு இது இரண்டாவது பயணம். முதல் தடவை கடப்பாறை நெட்டு என்கிற செங்குத்துப் பாறை வரைக்கும் போய், அண்ணாந்து பார்த்துவிட்டு, உச்சியில் இருக்கும் சிவன் மல்லிகார்ஜுனரைத் தரிசிக்காமலே திரும்பியவள் நான். "வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தவ எங்க அக்கா" என்று தம்பி இதைச் சொல்லிச் சிரிக்காத கல்யாண வீடு இல்லை. என்ன செய்வது, ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறினாலே எனக்கு உள்ளங்கால் கூசும்.

இந்த முறையும் அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். கடலாடி வழியாகவும் ஏறலாம். நாங்கள் கலசபாக்கம் பக்கமுள்ள தென்மகாதேவமங்கலத்திலிருந்து ஏறினோம். மலை சுமார் 4,500 அடி. சங்கப் பாட்டான மலைபடுகடாம் பாடுகிற நவிரமலை இதுதான் என்பார்கள். அங்கே உறைபவனைக் 'காரி உண்டிக் கடவுள்' என்கிறது அந்தப் பாட்டு; நஞ்சை உண்டவன். சங்கிலியும் கடப்பாறையும் இல்லாத அந்தக் காலத்தில் எப்படித்தான் ஏறினார்களோ என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். காடு, படி, மூச்சிரைப்பு, அதிலெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை நெட்டில்தான். செங்குத்துப் பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள், பிடித்துக்கொள்ளச் சங்கிலி. எத்தனையோ கைகள் பட்டுப் பட்டு இரும்பு வழவழத்துக் கிடக்கிறது, இடுக்குகளில் விபூதி. நாலு கம்பி ஏறியிருப்பேன். சங்கிலி நடுங்கியது. மேலே போகிறவர் அசைவா, என் கையா, தெரியவில்லை. அவ்வளவுதான், கால் நகரவில்லை. பக்கத்தில் பள்ளம்.

"பயப்படாதீங்கம்மா." "சிவனை நெனச்சுக்கோங்க." "சின்னப் புள்ளைங்களே ஏறுதுங்க பாருங்க." கடைசியாகச் சொன்னவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அந்த நிமிஷம் அவரைச் சபித்தேன். பயப்படாதே என்று சொல்லி யாருக்காவது பயம் போயிருக்கிறதா?

எனக்குக் கீழே ஒரு பாட்டி. எழுபது வயது இருக்கும், புடவையை வரிந்து செருகியிருந்தார், வெறுங்கால். அவர் அதட்டலும் போடவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை.

"பயமா இருக்குதா கண்ணு? இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும். உன் மூக்குக்கு நேரா ஒரு கம்பி இருக்குது பாரு, அத்த புடி."

பிடித்தேன்.

"இப்ப வலது கால எடு. வையி."

தடவிக்கொண்டிருந்த என் குதிகாலைப் பிடித்துக் கம்பியில் கொண்டுபோய் வைத்தார். சொரசொரப்பான உள்ளங்கை. "வெச்சிட்டியா? அரோகரா சொல்லு." சொன்னேன், குரலே வரவில்லை. "கேக்கலயே" என்றார். அடுத்த கம்பிக்குக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். மேலே நின்ற தம்பி திரும்பச் சொன்னான், அவனுக்கு மேலே இருந்தவர்களும். கம்பிக்கு ஒரு அரோகரா. எத்தனை கம்பி என்று எண்ணவில்லை. பயம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன், கடைசிக் கம்பி வரைக்கும் கூடவே ஏறி வந்தது.

உச்சிக் கோயிலில் நம் கையாலேயே சுவாமிக்கு அபிஷேகம் செய்யலாம். பால் சொம்பைத் தூக்கினால் கை இன்னும் உதறிக்கொண்டிருந்தது. பாதி லிங்கத்தின் மேல், பாதி என் புடவையில். பிரமராம்பிகை சன்னதியில் நின்றபோது அழுகை வந்தது, கேலி பேசத் தம்பிக்கு வாய் வரவில்லை. வெளியே பாட்டி பாறையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விழுந்து கும்பிட்டேன்.

"எங்கிட்ட எதுக்கு விழற? முதல் தடவ வந்தப்ப நான் பாதிப் பாறையில குந்திக்கினு ஒரே அழுக. ஒரு சாமியார் வந்து இப்படித்தான் கால எடுத்து வெச்சாரு."

அப்புறம் எழுந்து புடவையை மறுபடி வரிந்து செருகிக்கொண்டார். "எறங்கலாமா? இப்பவும் நான்தான் உனக்குக் கீழ."