வாசல் மணி

பிரான்சிஸ் அசிசியார் வழியில் நடக்கும் கப்புச்சின் துறவற சபையில் சேரப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "மலைக்குக் கிலைக்குப் போயிடுவியாப்பா?" போனது சென்னைக்கு. பஸ் போகிற ரோட்டை ஒட்டிய மாடிவீடு. திருமுழுக்குச் சான்றும் பங்குத்தந்தை கடிதமும் கொடுத்துச் சேர்ந்தேன். நவதுறவு என்னும் துறவுப் பயிற்சி ஆண்டுக்கு முந்தைய ஒரு வருடப் பயிற்சி அது. பழுப்பு அங்கியோ, மூன்று முடிச்சுக் கயிறோ இன்னும் கிடையாது.

ஐந்தரைக்குச் சிற்றாலயத்தில் இருக்க வேண்டும். அரைமணி நேரம் மௌனத் தியானம், பிறகு இரண்டு அணியாகப் பிரிந்து திருப்பாடல்களை மாறிமாறிச் சொல்லும் காலைப் புகழ், அப்புறம் திருப்பலி. முதல் இரண்டு மாதம் தியானத்தில் என் காதில் விழுந்ததெல்லாம் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்தான். சமையல் முறை, பாத்திரம், கழிவறை எல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. பஸ்ஸுக்கு வாங்கிய காசில் மீந்த சில்லறையை டிக்கெட்டோடு திருப்பிக் கொடுத்து நோட்டில் எழுதுவதும் பழகிவிட்டது.

பழகாதது வாசல் பொறுப்பு. வாரம் ஒருவர். செபத்தின் நடுவில் மணி அடித்தாலும் அவர்தான் எழுந்து போகணும்.

என் இரண்டாவது முறை. மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு எல்லாரும் எழுந்து நிற்கிறோம், மணி அடித்தது. பாட்டு முடியட்டும் என்று நின்றேன். மறுபடி அடித்தது. முடித்துவிட்டுப் போய்த் திறந்தால் ஆள் இல்லை. எதிர் டீக்கடைக்காரர் சொன்னார்: "ஒரு அம்மா, கையில ஆஸ்பத்திரி ஃபைலு. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டாங்க தம்பி." அந்த அம்மா பிறகு வரவே இல்லை.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. கார்டியனிடம் போய்ச் சொன்னேன் (எங்கள் இல்லத் தலைவரை அப்படித்தான் அழைப்போம்). அவர் திட்டவில்லை. எங்கள் சபையின் வாசல்காரர்களைப் பற்றிப் பேசினார். ஜெர்மனியின் பவேரியாவில் ஆல்ட்டோட்டிங் மடத்து வாசலில் நாற்பது வருடத்துக்கு மேல் நின்ற சகோதரர் கொன்ராட். 1894இல் இறந்தார், 1934இல் புனிதர் ஆனார். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் சொலானஸ் கேசி; படிப்பு சரியாக வராததால் குருப்பட்டம் கொடுத்தும் பாவசங்கீர்த்தனம் கேட்க அனுமதி தரவில்லை. அவருக்குக் கிடைத்தது வாசல் மணிதான். அந்த வாசலுக்கு மக்கள் வரிசையில் வந்தார்கள். 2017இல், புனிதர் நிலைக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவர் ஆனார்.

பிறகு பிரான்சிஸ் அசிசியார் ஒதுக்கிடங்களில் வாழும் சகோதரர்களுக்கு எழுதிய சின்ன விதியைக் காட்டினார். மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் இருக்கலாம். இரண்டு பேர் தாயாக இருந்து, வெளியாட்களால் தொந்தரவு வராமல் மற்றவர்களைப் பிள்ளைகள் போலக் காக்க வேண்டும். அவ்வப்போது பிள்ளைகள் தாயாக மாறிக்கொள்ள வேண்டும். "வாசல் உன் வாரம்னா, எங்களுக்கு நீதான் அம்மா. நீ போனாத்தான் நாங்க செபிக்க முடியும்."

அதுவரை, எழுந்து போனால் என் செபம் கெட்டுவிடும் என்றே நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு மணி கேட்டதும் கால் தானாக எழுந்தது. அரிசி கேட்டு, பிள்ளைக்கு மந்திரிக்கச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கேட்டு, சும்மா அழுவதற்கு என்று ஆட்கள் வந்தார்கள். திரும்பி வந்தால், பக்கத்து இருக்கைச் சகோதரர் என் திருப்புகழ்மாலைப் புத்தகத்தில், நான் விட்ட பக்கத்தில் சிவப்பு நாடாவை இழுத்து வைத்திருப்பார். எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, அந்த இடத்திலிருந்து தனியாகச் சொல்லி முடிப்பேன்.

வருடக் கடைசியில் நவதுறவுக்குக் கைப்பட விண்ணப்பம் எழுதினேன். அந்த ஒரு வருடமும் முடிந்து, முதல் வார்த்தைப்பாடு (துறவு வாக்குறுதி) கொடுத்துவிட்டு இப்போது வேறொரு நகர இல்லத்தில் இருக்கிறேன். இங்கே புதிதாக வந்த தம்பிக்கு இந்த வாரம் வாசல். நேற்று மாலை மணி அடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தான். தலையாட்டினேன். அவன் போனதும் அவன் புத்தகத்தில் நாடாவை இழுத்து வைத்தேன்.