ஈனியட்: கணக்கு இடிக்கும் இடங்கள்

எழும்பூர் அருங்காட்சியகத்தின் ரோமானியக் காசுகளில் அகஸ்டஸ் காலத்தவையும் உண்டு. ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட், ரோமின் முதல் பேரரசரான அந்த அகஸ்டஸ் காலத்துக் காவியம். எரிந்த டிராயிலிருந்து தப்பிய ஈனியஸ் ரோமானியருக்கு மூதாதை ஆவதுதான் கதை. கதை டிராய் நகரம் எரிந்ததில் தொடங்குவதால் பலர் அதை வெறும் புராணமாகப் படித்துவிட்டுப் பாதியில் மூடிவைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆண்டு கி.மு. 31. ஆக்டியம் கடற்போரில் ஆன்டனியும் கிளியோபாட்ராவும் அகஸ்டஸிடம் தோற்ற ஆண்டு அது. ஈனியஸின் கேடயத்தில் (8ஆம் காண்டம்) செதுக்கியிருப்பதும் அந்தப் போர்தான்.

சோழர் சூரிய குலம் என்றார்கள் அல்லவா, அகஸ்டஸைத் தத்தெடுத்த சீசரின் குடும்பம் தன்னை வீனஸ் தேவியின் குலம் என்றது. வீனஸின் மகன் ஈனியஸ், அவன் மகன் இயூலஸ், அந்தப் பெயரிலிருந்து ‘ஜூலியஸ்’. தகப்பனைத் தோளில் சுமக்கும் ஈனியஸை ஜூலியஸ் சீசரே காசில் அடித்துவிட்டார், வெர்ஜில் எழுத உட்காருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. அதற்காக இதை மெய்க்கீர்த்தி என்று ஒதுக்க முடியாது. உயிர்ப்பிச்சை கேட்கும் எதிரி டர்னஸை நாயகன் குத்திக் கொல்வதோடு காவியம் முடிகிறது. புகழ்பாட மட்டும் வந்த புலவன் அங்கே நிறுத்தமாட்டான்.

இனி ஆண்டுக்கணக்கு. கிரேக்க அறிஞர் எரடாஸ்தனிஸ் கணக்கில் டிராய் விழுந்தது கி.மு. 1184. வட ஆப்பிரிக்க நகரம் கார்தேஜ் எழுந்ததாக மரபு சொல்வது 814. அப்படியானால் கார்தேஜைக் கட்டிய அரசி டைடோவும் ஈனியஸும் சந்தித்திருக்கவே முடியாது. ஆனாலும் வெர்ஜில் சந்திக்க வைத்தார், காரணத்தோடுதான்: சாகும்போது டைடோ இடும் சாபம், பின்னாளில் ரோமைத் தாக்கிய கார்தேஜ் தளபதி ஹன்னிபாலாக வந்து விடியும். ரோம் பிறந்த 753உம் இடிக்கிறது. ஈனியஸ் 3 ஆண்டு, மகன் 30, ரோமுக்கு முந்தைய ஆல்பா நகர அரசர்கள் 300 என்று தேவர்களின் தலைவன் ஜூபிடர் வாயால் 333 ஆண்டுகளை நிரப்பினார். டிராய் விழுந்தபின் ஈனியஸ் அலைந்த ஏழு ஆண்டைச் சேர்த்தாலும் சுமார் 90 ஆண்டு துண்டுவிழும்.

அந்த ஏழிலேயே ஒரு சிக்கல். ‘இது ஏழாவது கோடை’ என்கிறாள் டைடோ, 1ஆம் காண்டக் கடைசியில். 5ஆம் காண்டத்தில், கார்தேஜுக்கு வருமுன் இறந்த ஈனியஸின் தகப்பனின் முதல் ஆண்டு நினைவுநாள் வருகிறது, அதாவது ஒரு வருஷம் ஓடிவிட்டது. அப்போதும் ஏழாவது கோடைதான்! காவியம் முடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இன்னொரு சாட்சி அரைவரிகள். 9,896 வரிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை நடுவிலேயே நிற்கின்றன. வெண்பாவின் ஈற்றடி முச்சீரில் நிற்பது விதி. இங்கே விதி எதுவும் இல்லை, பின்னால் நிரப்பலாம் என்று விட்ட இடங்கள். உரைநடை மொழிபெயர்ப்பில் இவை தெரியாது. வரி எண் போட்ட பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.

இன்னும் மூன்று ஆண்டு திருத்தலாம் என்று கிளம்பிய வெர்ஜில் கி.மு. 19இல் இத்தாலியின் பிரண்டிசியம் துறைமுகத்தில் இறந்துபோனார். எரித்துவிடுங்கள் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். அகஸ்டஸ் விடவில்லை. நண்பர்கள் வேரியஸும் டுக்காவும் ஏட்டை வெளியிட்டபோது அரைவரிகளை அரைவரியாகவே விட்டார்கள்.